சசெபோவுக்குப் போகிறீர்களா? கடற்படைத் துறைமுகமும் 208 தீவுகளும் பார்த்துவர முழுமையான வழிகாட்டி

நாகசாகி வரை வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் அணுகுண்டு நினைவிடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஃபுகுவோகாவுக்கோ கியோட்டோவுக்கோ திரும்பிவிடுகிறார்கள். அதே மாகாணத்தின் வடபகுதியில், ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், சசெபோ இருக்கிறது. மலையின் ஒரு பக்கம் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள், மறுபக்கம் பச்சைத் தீவுகள் சிதறிக் கிடக்கும் கடல். இந்த ஊருக்கு ஒரு பகல் போதாது. குறைந்தது இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள், முடிந்தால் மூன்று. எதை எந்த வரிசையில் பார்த்தால் ஊர் முழுசாகப் பிடிபடும் என்பதைக் கீழே சொல்கிறேன். வரிசை இங்கே உண்மையிலேயே முக்கியம்.

கிளம்புமுன் கொஞ்சம் வரலாறு

1880-கள் வரை சசெபோ ஒரு கடலோரக் கிராமம். 1883-இல் ஜப்பானியக் கடற்படை ஒரு சிறு போர்க்கப்பலை அனுப்பி இந்த விரிகுடாவை அளந்து பார்த்தது. அந்தக் கப்பலின் தலைவர், பிற்காலத்தில் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்துப் புகழ்பெற்ற தோகோ ஹெய்ஹாச்சிரோ. விரிகுடாவின் வாய் குறுகல், உள்ளே ஆழம், சுற்றிலும் மலை, கொரியாவும் சீனாவும் பக்கத்தில். ஒரு கடற்படைக்கு வேறென்ன வேண்டும்? 1889-இல் இங்கே கடற்படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. அப்புறம் ஊர் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள்: பேரூராகும் கட்டத்தையே தாண்டி, 1902-இல் கிராமம் நேரடியாக நகரமானது.

தீவுகளுக்கும் துறைமுகத்துக்கும் காரணம் ஒன்றுதான். பழங்காலத்தில் மலைகளுக்கு இடையே இருந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறிவிட்டது. ஆழமான பள்ளத்தாக்கு விரிகுடாவானது, மூழ்காத மலை உச்சிகள் தீவுகளாயின. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால், தீவுப் படகையும் போர்க்கப்பலையும் இரண்டு தனித்தனி ஊர்களின் சமாசாரமாக நினைக்க மாட்டீர்கள். இந்தப் பகுதி முழுவதும் அன்றைக்கு ராணுவக் கோட்டைப் பகுதி. 1945 வரை இங்கே அனுமதியில்லாமல் படம் எடுப்பதும் வரைபடம் வரைவதும் குற்றம். பத்தே ஆண்டுகள் கழித்து, 1955-இல், அதே கரை சைக்காய் தேசியப் பூங்காவின் பகுதியானது.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள், பிறகு மாதம். போர்க்கப்பல்களைச் சுற்றிக்காட்டும் துறைமுகப் படகு பெரும்பாலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில்தான் ஓடும். அதற்கு முன்பதிவும் தேவை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, ஞாயிறோ திங்களோ கிளம்புவது நல்ல திட்டம். செவ்வாய், புதனில் போனால் தீவுகள் கிடைக்கும், துறைமுகப் படகு கிடைக்காது.

மாதம் என்று கேட்டால், மார்ச் இறுதி முதல் மே நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பரும். ஜூனிலும் ஜூலை முதல் பாதியிலும் மழைக்காலம், ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வந்தால் படகுகள் நின்றுவிடும். குளிர்காலத்தைச் சிலர் தவிர்ப்பார்கள், ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிப்பிக் காலம். கரையிலேயே கரி அடுப்பு வைத்து, ஓட்டோடு சுட்டுச் சாப்பிடலாம். இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. பயணத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படி 2: வந்து சேருவது

ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து 'மிதோரி' விரைவு ரயில் நேராக சசெபோ வரும். ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். ஹைக்கி என்ற நிலையத்தில் வண்டி திசை மாறும். அதுவரை முன்னோக்கிப் போன நீங்கள் கடைசிப் பத்து நிமிடங்கள் பின்னோக்கிப் போவீர்கள். தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பதற வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் இருக்கையைக்கூடத் திருப்பிப்போட மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: சில நேரங்களில் மிதோரியோடு 'ஹவுஸ் டென் போஸ்' என்னும் ரயில் ஒட்டியே வந்து ஹைக்கியில் பிரியும். எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்பதைப் பார்த்து ஏறுங்கள்.

நாகசாகியிலிருந்து வருபவர்களுக்கு நேரடி ரயிலும் நெடுஞ்சாலை பஸ்ஸும் உண்டு. பஸ் சுமார் ஒன்றரை மணி நேரம். வேகம் பஸ்ஸில், காட்சி ரயிலில்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதைகளில் ஜப்பானின் மேற்குக் கோடி நிலையம் சசெபோ. அதைச் சொல்லும் பலகை நிலையத்தில் இருக்கிறது. நிலையத்தின் துறைமுகப் பக்க வாசலில் வெளியே வந்தால், சில நிமிட நடையில் படகுத்துறை. தங்குமிடத்தை நிலையத்தைச் சுற்றியே எடுங்கள். பஸ், ரயில், படகு எல்லாமே அங்கிருந்துதான்.

படி 3: முதல் வேலையாக மலை ஏறுங்கள்

வந்ததும் படகைத் தேடி ஓட வேண்டாம். முதலில் யுமிஹாரி மலை. 364 மீட்டர் உயரம், பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துப் போகலாம். மேலே நின்று கிழக்கே பார்த்தால் விரிகுடா, கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்கள், மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் வீடுகள். மேற்கே திரும்பினால் தீவுகள். மேலே சொன்ன நிலவியல் முழுவதும் இரண்டு நிமிடத்தில் கண்ணுக்கு முன்னால் விரியும். அடுத்த இரண்டு நாளும் எதைப் பார்த்தாலும் 'இது அந்த மலைக்கு அந்தப் பக்கம்' என்று மனதில் இடம் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் இரவுக் காட்சிக்கே போகலாம். துறைமுக விளக்குகள் அழகு.

படி 4: துறைமுகம்

சனிக்கிழமை காலை துறைமுகப் படகு. சுமார் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள். விளக்கம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் மொழி தடையில்லை. ஜப்பானியத் தற்காப்புப் படையின் கப்பல்களும், 1946 முதல் இங்கே தளம் வைத்திருக்கும் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களும் ஒரே விரிகுடாவில் நிற்கும். கப்பல் கட்டும் தளத்தில் சுத்தியல் வடிவத்தில் ஒரு பழைய ராட்சதக் கிரேனைத் தேடுங்கள். 250 டன் தூக்கக்கூடியது, 1913-இல் நிறுவப்பட்டது. கரையோரம் வரிசையாகத் தெரியும் சிவப்புச் செங்கல் கிடங்குகளும் பழைய கடற்படையின் கட்டடங்களே.

1904 பிப்ரவரி 6-ஆம் தேதி, ரஷ்யாவுடனான போருக்காகத் தோகோவின் தலைமையில் கடற்படை புறப்பட்டது இங்கிருந்துதான். அடுத்த ஆண்டு செப்டம்பரில், போர் முடிந்த சில நாட்களிலேயே, அவருடைய முதன்மைக் கப்பலான 'மிகாசா' இதே துறைமுகத்தில் வெடிமருந்து வெடித்து மூழ்கியது. போரில் தப்பிய நூற்றுக்கணக்கான மாலுமிகள், வீட்டுக்குப் போக வேண்டியவர்கள், இங்கே இறந்தார்கள். படகு அந்த அமைதியான நீரில் போகும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது.

படகு முடிந்ததும் 'செயில் டவர்' அருங்காட்சியகம். தற்காப்புப் படையே நடத்துகிறது, நுழைவு இலவசம், ஏழு மாடி. கடற்படை அதிகாரிகளின் பழைய மன்றக் கட்டடத்தின் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மேல் மாடிக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டே பார்ப்பது சுலபம். விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே 1923-இல் கட்டிய வெற்றி நினைவு மண்டபம். முதல் உலகப் போரில் சசெபோ கப்பல்கள் மத்தியதரைக்கடல் வரை போய் நேசநாடுகளின் கப்பல்களுக்குக் காவல் நின்றன. அதன் நினைவாக எழுந்தது இது. இன்று நகரத்தின் கலை நிகழ்ச்சி அரங்கு.

படம் எடுப்பது பற்றி: பொது இடத்திலிருந்து கப்பலைப் படம் எடுப்பதில் பிரச்சினை இல்லை. தளங்களின் வாயிலையும் காவலர்களையும் எடுக்காதீர்கள். டிரோன் வேண்டவே வேண்டாம், தளங்களின் மேல் பறக்கவிடுவது சட்டப்படி தடை.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் இரண்டு இடங்கள். ஒன்று, படிகளுக்கு மேலே நிற்கும் மியுரா-ச்சோ கத்தோலிக்க தேவாலயம். 1931-இல் கட்டியது. இன்று வெளிர் நிறத்தில் மின்னும் இந்தக் கோபுரத்தைப் போர்க்காலத்தில் விமானங்களுக்குத் தெரியாமலிருக்கக் கரிய தார் பூசி மறைத்தார்கள். இன்னொன்று தோனோ சந்தையின் சுரங்கத் தெரு. குன்றைக் குடைந்து போர்க்காலத்தில் தோண்டிய பதுங்குகுழிகளில், போருக்குப் பிறகு மக்கள் கடை போட்டார்கள். இன்றும் கடைகள்தான். முன்னால் காய்கறியோ மீனோ அடுக்கியிருக்கும், உள்ளே எட்டிப் பார்த்தால் பின்சுவர் பாறை. 1945 ஜூன் 28 இரவு நடந்த குண்டுவீச்சில் இந்த ஊரில் 1,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாறையைப் பாருங்கள்.

படி 5: சாப்பாடு

சசெபோ பர்கர் இந்த ஊரின் அடையாளம். 1950 வாக்கில் அமெரிக்க மாலுமிகளிடமிருந்து வந்த பழக்கம். ஆர்டர் கொடுத்த பிறகுதான் கல்லில் இறைச்சியைப் போடுவார்கள், அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முட்டை, பேக்கன், சீஸ், தக்காளி, கீரை, கொஞ்சம் இனிப்பான மயோனைஸ். உயரத்தைப் பார்த்து மலைக்காமல், காகிதத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திவிட்டு, கீழே ஒழுகும் சாற்றைக் காகிதப் பையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிடுங்கள். கடைக்குக் கடை ருசி மாறும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது லெமன் ஸ்டேக். சூடான இரும்புத் தட்டில் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகள் பாதி வெந்த நிலையில் வரும். மேலே எலுமிச்சை வில்லை, சோயா கலந்த புளிப்பு இனிப்புச் சாறு. தட்டு சீறிக்கொண்டிருக்கும்போதே துண்டுகளைத் திருப்பிப்போட வேண்டும், தாமதித்தால் இறுகிவிடும். இறைச்சி முடிந்ததும், மிச்சமிருக்கும் சாற்றில் வெள்ளைச் சோற்றைக் கொட்டி, தட்டின் சூட்டிலேயே பிரட்டிச் சாப்பிடுவது உள்ளூர் வழக்கம். ரசம் சோறு போல அந்தக் கடைசி வாய்தான் நாக்கில் நிற்கிறது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு மீன் தாராளம். இங்கே உலர்த்தும் நெத்திலிக்கு ஜப்பான் முழுக்க நல்ல பெயர். சைவர்களுக்குத்தான் சிரமம். காய்கறிக் குழம்பு என்று நினைப்பதிலும் மீன் சாறான 'தாஷி' இருக்கும். 'நிகு தோ சகானா வா தபெமசென்' (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்) என்று சொல்லிக் கேளுங்கள். 'உமெ' என்னும் புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, பழம், ரொட்டி ஆகியவற்றைத் தீவுக்குப் போகும் நாளில் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: தீவுகள்

தீவுக்கூட்டத்தின் பெயர் குஜூகுஷிமா. நேர்ப்பொருள் 'தொண்ணூற்றொன்பது தீவுகள்', ஆனால் அங்கே அது 'எண்ண முடியாதவை' என்று சொல்லும் வழக்கு. எண்ணியும் பார்த்துவிட்டார்கள்: 208. கடல்மட்டம் ஏறும் நேரத்திலும் நீருக்கு மேலே நிற்க வேண்டும், நிலத்துச் செடி ஒன்றாவது முளைத்திருக்க வேண்டும், அப்போதுதான் தீவு என்று கணக்கு. இவற்றில் மக்கள் வாழ்வது நான்கில் மட்டும்.

சசெபோ நிலையத்திலிருந்து பஸ்ஸில் சுமார் 25 நிமிடத்தில் பேர்ல் சீ ரிசார்ட். அங்கிருந்து வெள்ளைக் கப்பலான 'பேர்ல் குயின்' 50 நிமிடச் சுற்று போகும். மேல்தளத்தில் நில்லுங்கள். பெரிய கப்பல் இது, ஆனாலும் இரண்டு தீவுகளுக்கு நடுவே புகுந்து திரும்பும்போது பைன் மரத்தின் வேர்கள் பாறையைக் கவ்வியிருப்பது வரை தெரியும். நடுவில் முத்துச் சிப்பிப் பண்ணைகளின் மிதவைகள். நேரமும் தெம்பும் இருந்தால் கயாக் எடுங்கள். தீவுக் கூட்டம் வெளிக்கடலின் அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், புதியவர்களும் துடுப்புப் போடலாம். பக்கத்து மீன் காட்சியகத்தில் முத்துச் சிப்பியைத் திறந்து முத்தை எடுக்கும் அனுபவம் உண்டு. குழந்தைகளோடு போனால் விட்டுவிடாதீர்கள்.

மாலைக்கு தென்காய்ஹோ பார்வைமேடை. வசந்தத்தில் மேடைக்குக் கீழே மஞ்சள் கடுகுப்பூ, இலையுதிர்காலத்தில் காஸ்மோஸ். சூரியன் தீவுகளுக்குப் பின்னால் இறங்கும். ஜப்பானின் மேற்குப் பகுதி என்பதால் இங்கே தாமதமாக இருட்டும்: ஜூன் கடைசியில் ஏழரை மணிக்கு, டிசம்பர் தொடக்கத்தில் ஐந்தேகாலுக்கு அஸ்தமனம். கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே நிறுத்தத்தில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தமனத்துக்கு நின்றால் பஸ் போய்விடும் என்றால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து டாக்ஸி பேசிக்கொள்வது நல்லது.

படி 7: குரோஷிமா, ஒரு முழுநாள்

மூன்றாவது நாள் இருந்தால் இந்தத் தீவுக்குக் கொடுங்கள். மத்சுஉரா ரயிலில் ஐனோஉரா போய், அங்கிருந்து படகில் சுமார் 50 நிமிடம். மத்சுஉரா தனி நிறுவனம், ஜேஆர் பாஸ் செல்லாது, சில்லறை கையில் இருக்கட்டும். ஆளில்லா நிலையத்தில் ஏறினால் எண்சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். படகு நாளுக்குச் சில தடவைதான், தவறவிட்டால் அந்த நாள் போச்சு.

கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட காலத்தில், ரகசியமாக வழிபட்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடிவந்து காடு திருத்தினார்கள். வெளியே பௌத்தர்களாக ஊர்க் கோயிலில் பெயர் பதிந்திருந்தார்கள். அந்தக் கோயிலிலேயே கருணைத் தெய்வமான கன்னோன் சிலையை மாதாவாக எண்ணிக் கும்பிட்டார்கள். தடை நீங்கியபின் பிரெஞ்சுப் பாதிரியார் மார்மான் தலைமையில் எழுந்த செங்கல் தேவாலயம் 1902-இல் முடிந்தது. சசெபோ நகரமான அதே ஆண்டு. பீடத்தின் தரையில், பீங்கானுக்குப் பெயர்போன அரிதா ஊரின் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். மரக்கூரையின் ரேகைகளைக் கூர்ந்து பாருங்கள், அவை கையால் வரைந்தவை. சாதாரண மரத்துக்கு உயர்ந்த மரத்தின் ரேகையைத் தீட்டியிருக்கிறார்கள். 2018-இல் குரோஷிமாவின் குடியிருப்புகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தேவாலயத்துக்குள் போக முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. தீவு மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் துறையில் மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: தெற்கே மூன்று இடங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி இது. என்னைக் கேட்டால் இதைத்தான் விடக்கூடாது. பஸ் குறைவு, அதனால் கார் எடுப்பது சௌகரியம். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

ஹரியோ வானொலிக் கோபுரங்கள்: கடற்படை 1918 முதல் 1922 வரை கட்டிய மூன்று கான்கிரீட் தூண்கள். ஒவ்வொன்றும் 136 மீட்டர் உயரம், 300 மீட்டர் பக்கமுள்ள முக்கோணமாக நிற்கின்றன. நூறாண்டு கடந்தும் உறுதி குலையவில்லை. 1997 வரை கடலோரக் காவல்படையும் தற்காப்புப் படையும் பயன்படுத்தின. ஒரு கோபுரத்தின் அடிப்பகுதிக்குள் நுழைய விடுகிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் குழல்தான். அண்ணாந்து பார்த்தால் சுவர் குவிந்துகொண்டே போய் இருட்டில் மறைகிறது. ஒரு தடவை கைதட்டினேன். சத்தம் மேலே ஏறி, வேறு யாரோ தட்டியதுபோலத் திரும்பி இறங்கி வந்தது. பக்கத்திலேயே 1955-இல் திறந்த சைக்காய் பாலம். வசந்தகாலத்தில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் நாட்களில் அதன் கீழே நீர்ச்சுழல் தெரியும்.

முக்யூதோ: பள்ளிக் குழந்தைகள் தோண்டிய பதுங்குகுழி. 1943 ஆகஸ்டில் தொடங்கி, ஆசிரியர்களோடு சேர்ந்து சிறுவர் சிறுமியர் குன்றைக் குடைந்தார்கள். சுமார் 600 பேர் உள்ளே இருக்கலாம். வகுப்பறை, சமையலறை, கழிப்பறை, ஆசிரியர் நிற்க ஒரு மேடை எல்லாம் பாறையிலேயே செதுக்கியது. சுவரில் உளித்தடங்கள் இன்னும் இருக்கின்றன. அவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

உராகஷிரா: போர் முடிந்ததும், சீனாவிலும் மஞ்சூரியாவிலும் தென்கிழக்காசியத் தீவுகளிலும் இருந்த ஜப்பானியர்கள் நாடு திரும்பினார்கள். 1945 அக்டோபர் முதல் 1950 வரை இந்தச் சின்னத் துறையில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் பேர் கரையிறங்கினார்கள். இறங்கியதும் டிடிடி பூச்சிக்கொல்லிப் பொடி தூவி, பரிசோதித்து, சுமார் 7 கிலோமீட்டர் நடக்கவைத்து முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம் இருந்த இடத்தில்தான் இன்று 'ஹவுஸ் டென் போஸ்' கேளிக்கைப் பூங்கா. துறையின் மேல் சிறிய பூங்காவும் காட்சியகமும் உண்டு. ஒரு மூட்டை, ஒரு குழந்தைச் செருப்பு மாதிரியான பொருட்களுக்கு முன்னால் நேரம் போவது தெரியாது.

முகாமில் ஓரிரு நாள் தங்கிய பிறகு அவர்கள் ஊருக்கு ரயில் ஏறியது ஹயெனோசாகி நிலையத்தில். அந்தப் பெயருக்குள் 'தென்காற்று' என்ற சொல் இருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாகசாகிக்கு ரயிலில் போகிறீர்கள் என்றால் ஒமுரா பாதையில் இந்த நிலையத்தைக் கடப்பீர்கள். சின்ன நிலையம், கண் சிமிட்டினால் தப்பிவிடும். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஹவுஸ் டென் போஸைத் தாண்டியதும் ஒமுரா விரிகுடா தண்டவாளத்தை ஒட்டியே கூட வரும்.